வெளி வன்தட்டுக்கு மினி டீவீ கசெட்டுகளைக் கப்ச்சர் செய்யும்போது ஒவ்வொரு முறையும் இடையில் நின்றுவிடுகிறது

அலைகரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு அலுமாரியில் பதினொரு மினி டீவீ (MiniDV, டிஜிட்டல் வீடியோ பதியும் சிறிய நாடா) கசெட்டுகள் இருக்கின்றன. 2001 இலிருந்து 2006 வரை எடுத்தவை. அக்காவின் அரங்கேற்றம், அம்மப்பாவின் எண்பதாவது பிறந்தநாள், மாமாவின் கலியாணம், ஆடிவேல் இரதம் காலி வீதியால் வந்தபோது மாடியில் நின்று எடுத்த அரை மணி நேரம் எல்லாம் அவற்றில்தான் உள்ளன. அக்கா இப்போது ரொறொன்ரோவில் இருக்கிறார். அவருடைய மகள் பரதம் பயில்கிறாள். தாயின் அரங்கேற்றத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் கேட்கிறாள். கடையில் கொடுத்து மாற்றலாம் என்றால், கசெட்டுகளைக் கையை விட்டுக் கொடுக்க அம்மாவுக்கு மனமில்லை. ஆகவே நாடாவில் உள்ளதைக் கணினிக் கோப்பாகப் பதியும் வேலையை, அதாவது கப்ச்சரை, நானே செய்ய முனைந்தேன்.

என்னிடம் இருப்பது விண்டோஸ் 10 உள்ள ஒரு மேசைக்கணினி. கமெராவிலிருந்து வீடியோவைக் கணினிக்குக் கொண்டுவரும் ஃபயர்வயர் என்ற பழைய இணைப்புக்கான போர்ட் அதில் இல்லாதபடியால் யுனிட்டி பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கி, பாவித்த ஃபயர்வயர் கார்ட் ஒன்றைத் தேடி வாங்கிப் பொருத்தினேன். (அதற்கு முன்னர் வேறொரு கடையில், ஒரு முனை யூஎஸ்பியும் மறுமுனை நான்கு முள் ஃபயர்வயருமாக உள்ள ஒரு கேபிளைக் காட்டி, இதுவே போதும் என்று விற்றார்கள். கமெராவைக் கணினி கண்டுகொள்ளவே இல்லை.) இப்போது கார்ட் வழியாகக் கமெரா தெரிகிறது, எடிட்டிங் மென்பொருளிலிருந்தே அதை ஓட்டவும் நிறுத்தவும் முடிகிறது, படமும் ஒலியும் திரையில் வருகின்றன. கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டியில் 30 ஜிபி இடமே மிச்சம் என்பதால், கோப்புகள் வெளி வன்தட்டில் சேரும்படி அமைத்திருக்கிறேன். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது வன்தட்டு 2 டிபி கொள்ளளவுள்ள, கையடக்கமான ஒன்று. அதில் எந்தக் கசெட்டைப் போட்டாலும் 19 நிமிடம் ஆவதற்குச் சற்று முன்னர் கப்ச்சர் நின்றுவிடுகிறது. வன்தட்டில் 1 டிபிக்கு மேல் இடம் காலியாக இருக்கும்போதே, எழுத முடியவில்லை என்று செய்தி வருகிறது.

வன்தட்டுதான் பழுதென்று எண்ணி, மச்சானிடம் 4 டிபி வன்தட்டு ஒன்றை இரவல் வாங்கினேன். அது 19 நிமிடத்தைத் தாண்டியது. ஆனால் ஒரு முறை 25 நிமிடத்தில், ஒரு முறை 40 நிமிடத்தில், ஒரு முறை 7 நிமிடத்திலேயே, ஃபிரேம்கள் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்) விடுபட்டன என்று அறிவித்து நின்றுவிட்டது. அந்த வன்தட்டு ஏறத்தாழ நிரம்பிய நிலையில் உள்ளது. 300 ஜிபி அளவுதான் காலி.

இவை போதாதென்று மூன்றாம் இலக்கக் கசெட் வேறொரு தொல்லை தருகிறது. நின்ற இடத்திலிருந்து மறுபடி தொடங்கி எந்த வன்தட்டுக்குக் கப்ச்சர் செய்தாலும், கசெட்டின் 41 ஆவது நிமிடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, அங்கேயும் ஃபிரேம்கள் விடுபடுகின்றன.

மென்பொருளை இரண்டு முறை அழித்து நிறுவிவிட்டேன், ஃபயர்வயர் கேபிளையும் மாற்றிவிட்டேன். மென்பொருளில் கோளாறா, கார்ட்டில் கோளாறா, அல்லது வெளி வன்தட்டுக்குக் கப்ச்சர் செய்வதே கூடாத காரியமா? தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

தெஹிவளை வாசி (பதில்)

நண்பரே, வெளி வன்தட்டு என்றாலே வேகம் குறைவு. வீடியோ கப்ச்சர் செய்வதற்கு அந்த வேகம் போதாது. 1 டிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, கூடிய வேகமுள்ள யூஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள். எனக்கு 4கே எடிட்டிங்கில் இருந்த சிக்கல் அப்படித்தான் தீர்ந்தது.

மின்கம்பி (பதில்)

தெஹிவளை நண்பர் நல்ல எண்ணத்தோடு சொல்லியிருக்கிறார். ஆனால் 4கே வேறு, டீவீ வேறு. காசைச் செலவழிப்பதற்கு முன்னர் ஒரு சிறு கணக்குப் பார்த்துவிடுங்கள். நம் நாட்டில் பாவனையில் இருந்த பால் (PAL) எனும் தொலைக்காட்சி முறைமையில் டீவீ வீடியோவின் ஒரு ஃபிரேம் 144,000 பைட் அளவுடையது. செக்கனுக்கு 25 ஃபிரேம்கள். ஆகச் செக்கனுக்கு 3.6 எம்பி. யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகிய ஒரு பழைய வன்தட்டுக்கூட நடைமுறையில் செக்கனுக்கு 30 எம்பி அளவில் எழுதும். அதாவது தேவையைப் போல எட்டு மடங்கு வேகம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. யூஎஸ்பி 1.1 காலத்துப் போர்ட்டில் செருகியிருந்தால் மட்டுமே வேகம் போதாமல் போகும். விண்டோஸ் 10 ஓடும் கணினியில் அப்படி ஒன்று இருக்க வாய்ப்பில்லை.

அப்படியானால் ஏன் நின்றுவிடுகிறது? நீங்கள் தந்த விபரங்களிலேயே எனக்கு மிகவும் பயன்பட்டவை மூன்று நேரங்கள்தான். ஒரு வன்தட்டு எப்போதும் ஒரே நிமிடத்தில் நிற்கிறது. இன்னொன்று நினைத்த நேரத்தில் நிற்கிறது. ஒரு கசெட் எந்த வன்தட்டானாலும் தன்னுடைய ஒரே இடத்தில் உடைகிறது. திரையில் வரும் செய்திகள் ஒன்றுபோல் இருந்தாலும் இவை மூன்றும் ஒரே நோயல்ல. மென்பொருளை இன்னும் பத்து முறை நிறுவினாலும் இவற்றில் ஒன்றுகூடத் தீராது.

முதலாவதை இங்கிருந்தே சொல்லிவிடலாம். அந்த 2 டிபி வன்தட்டு, கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறைகளில் பழையதான ஃபாட் 32 (FAT32) முறையில் ஃபோமட் செய்யப்பட்டிருக்கிறது. ஃபாட் 32 இல் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளர முடியாது. வன்தட்டில் எத்தனை டிபி காலியாக இருந்தாலும் அந்த வரம்பு மாறாது. விண்டோஸில் டீவீ வீடியோவைப் பெரும்பாலும் இரண்டாம் வகை ஏவிஐ (AVI) வீடியோக் கோப்பாகவே எழுதுவார்கள். அதில் ஒலி, வீடியோவோடு கலந்திருப்பதற்கு மேலதிகமாகத் தனியாகவும் ஒரு முறை எழுதப்படும்; அதையும் சேர்த்தால் செக்கனுக்கு 3.79 எம்பி ஆகிறது. 4 ஜிபியை அதனால் வகுத்துப் பாருங்கள். 18 நிமிடம் 50 செக்கன் அளவில் வரும். நீங்கள் 19 நிமிடத்துக்குச் சற்று முன்னர் என்று எழுதியதை வாசித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். வேறு யாருக்காவது ஒன்பதரை நிமிடத்தில் நின்றால், அவர்கள் பழைய ஏவிஐ முறையின் 2 ஜிபி வரம்பில் முட்டியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

வன்தட்டின் மேல் வலச் சொடுக்கு செய்து பண்புகளைப் பார்த்தால் எந்த முறையில் ஃபோமட் செய்யப்பட்டது என்று தெரியும். ஃபாட் 32 என்றிருந்தால், உள்ளே இருப்பவற்றை வேறிடத்தில் பிரதி எடுத்து வைத்துவிட்டு என்டிஎஃப்எஸ் முறையில் புதிதாக ஃபோமட் செய்யுங்கள். தரவை அழிக்காமலே மாற்றித் தரும் கட்டளை ஒன்றும் விண்டோஸில் இருக்கிறது. ஆனால் பிரதி இல்லாமல் அதை ஓட்டுமாறு நான் யாருக்கும் சொல்வதில்லை. எக்ஸ்ஃபாட் முறையிலும் இந்த 4 ஜிபி வரம்பு இல்லை, மேக் கணினியும் அதில் எழுதும். இருந்தும் விண்டோஸ் மட்டுமே பாவிப்பவருக்கு என்டிஎஃப்எஸ் தான் என் தெரிவு; நடுவில் மின்சாரம் போனால் வன்தட்டின் அட்டவணையைச் சீர்செய்து மீள்வதற்கு வேண்டிய குறிப்பேட்டை அது வைத்திருக்கிறது, எக்ஸ்ஃபாட் வைத்திருப்பதில்லை. ஏதோ காரணத்தால் ஃபோமட்டை மாற்றவே முடியாதென்றால், வின்டீவீ என்ற சிறிய இலவச மென்பொருளில் ஒரு கோப்புக்கு இத்தனை ஃபிரேம்கள் என்று உச்ச வரம்பு வைக்கலாம். 25,000 என்று இட்டால், 16 நிமிடம் 40 செக்கனுக்கு ஒரு கோப்பாக அது தானே பிரித்துக்கொண்டு போகும்.

இரண்டாவது வன்தட்டின் கதை இதைவிடச் சுவையானது. ஃபயர்வயர் வழியாக வரும் டீவீ வீடியோ, குழாயிலிருந்து விழும் தண்ணீரைப் போன்றது. வாளியை மாற்றும்வரை பொறு என்று கமெராவிடம் சொல்ல வழியில்லை. விடுபட்ட ஃபிரேமை மறுபடி அனுப்பு என்று கேட்கவும் வழியில்லை. கணினி தன் நினைவகத்தில் சில ஃபிரேம்களைச் சேர்த்து வைத்துச் சமாளிக்கும். அந்தச் சிறு தொட்டி நிரம்பும்வரை வன்தட்டு வாய் திறக்காவிட்டால் மிச்சம் வெளியே சிந்திவிடும். ஆகவே சராசரி வேகத்தைப் பார்ப்பதில் பயனில்லை. வன்தட்டு எங்கே சில செக்கன்கள் மூச்சை அடக்குகிறது என்பதைத்தான் தேட வேண்டும்.

கையடக்கமான பெரிய வன்தட்டுகள் பலவற்றில், ஓட்டு வேய்ந்தாற்போல ஒரு தடத்தின் விளிம்பு அடுத்த தடத்தின் மேல் ஏறும்படி எழுதும் எஸ்எம்ஆர் முறை இருக்கிறது. இடம் தாராளமாக இருக்கும்போது அவை நன்றாகவே எழுதும். பலமுறை எழுதி அழித்து, நிரம்பும் நிலைக்கு வந்துவிட்டால், ஒரு தடத்தை எழுத அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டியதாகி, இடையிடையே திணறும். மச்சானுடைய வன்தட்டு அத்தகையதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: 15 ஜிபி அளவுள்ள கோப்பு ஒன்றை அதற்குப் பிரதி செய்தபடி டாஸ்க் மனேஜரில் அந்த வன்தட்டின் வரைபடத்தைப் பாருங்கள். எழுதும் வேகம் பூச்சியத்துக்கு விழுந்து கிடக்கும்போதும் வன்தட்டு நூறு வீதம் வேலையில் இருப்பதாகக் காட்டினால், திணறுகிறது என்று பொருள்.

அது சுத்தமாக இருந்தால் அடுத்ததாக மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். இந்த வகை வன்தட்டுகளுக்கென்று தனி மின்இணைப்பு இல்லை. யூஎஸ்பி போர்ட் தருவதைக் கொண்டே அவை சுழல்கின்றன. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி அம்பியர் தர வேண்டும், யூஎஸ்பி 3.0 போர்ட் 900 மில்லி அம்பியர் தர வேண்டும் என்பது விதி. கணினிப் பெட்டியின் முன்பக்கப் போர்ட்டுகளுக்குத் தாய்ப்பலகையிலிருந்து உள்ளே மெல்லிய வயர் ஒன்று வரும். அதிலும் ஒரு ஹப்பைச் செருகி, பக்கத்தில் கைத்தொலைபேசியையும் சார்ஜ் போட்டால், வன்தட்டு ஒரு கணம் துண்டிக்கப்பட்டு மீண்டும் இணைவது வெகு இயல்பு. பின்பக்கப் போர்ட்டில், நீளம் குறைந்த கேபிளால், ஹப் எதுவுமின்றி நேராகச் செருகிப் பாருங்கள்.

கோப்பு வளர வளர அதைத் திறந்து பார்க்க முயலும் வைரஸ் தடுப்பு மென்பொருளும், அந்தக் கோப்புறையை இணையத்துக்கு அனுப்பத் துடிக்கும் மேகச் சேமிப்பு மென்பொருளும் இதே மாதிரியான இடையூறைச் செய்யும். கப்ச்சர் கோப்புறையை இரண்டிலிருந்தும் விலக்கிவிடுங்கள். வன்தட்டை உறங்கவிடும் மின்சேமிப்பு அமைப்பை நிறுத்தச் சொல்லிப் பலர் எழுதுவார்கள். நிறுத்துங்கள், தவறில்லை, ஆனால் இடைவிடாமல் எழுதப்படும் வன்தட்டு உறங்காது என்பதால் உங்கள் 25 ஆவது நிமிடத்துக்கு அது காரணமல்ல. கப்ச்சர் தொடங்கிய முதல் சில செக்கன்களில் மட்டும் ஃபிரேம் விடுபடுகிறவர்களுக்கே அது பொருந்தும். கணினி முழுவதுமாக உறங்கிவிடுவது வேறு விடயம். நெடுநேரம் யாரும் சுட்டியைத் தொடாதிருந்தால் அது நடக்கலாம், அதை நிறுத்தியே ஆக வேண்டும்.

மூன்றாவதில் வன்தட்டுக்குப் பங்கில்லை. அது கசெட்டின் குறை அல்லது கமெராவுக்குள் நாடாவை வாசிக்கும் ஹெட்டின் குறை. கசெட்டுகளோடு காலம் கழித்தவர் எவராவது அதைச் சொல்லட்டும்.

ஒன்றை மறந்துவிட்டேன். அந்த யூஎஸ்பி, ஃபயர்வயர் கேபிளைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். இரண்டும் வெவ்வேறு மொழி பேசுகின்றவை. செருகியின் வடிவத்தை மட்டும் மாற்றிவிட்டால் ஒன்றின் பேச்சு மற்றதற்கு விளங்கிவிடாது.

கலியாணப் படக்காரர் (பதில்)

கொட்டாஞ்சேனையில் இருபது ஆண்டுக்கும் மேலாகக் கலியாணமும் பூப்புனித நீராட்டு விழாவும் எடுத்துவரும் நான், மின்கம்பி ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

தம்பி, அந்தக் கசெட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். மூடியை உயர்த்தி, நாடாவின் விளிம்பிலும் சுருளின் பக்கத்திலும் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கொழும்பின் ஈரக் காற்றில் அலுமாரியில் இருந்த கசெட்டில் பூஞ்சணம் பிடிப்பது புதினமல்ல. பூத்திருந்தால் கமெராவில் போடவே வேண்டாம். ஹெட்டில் ஒட்டிக்கொண்டு மற்றப் பத்துக் கசெட்டுகளையும் கெடுத்துவிடும். பூக்கவில்லை என்றால், கசெட்டை ஒருமுறை கடைசிவரை முன்னோக்கிச் சுற்றி, பிறகு தொடக்கம்வரை பின்னோக்கிச் சுற்றுங்கள். இத்தனை ஆண்டுகள் ஒரே இறுக்கத்தில் கிடந்த நாடா அதனால் சீராகச் சுற்றப்படும். பல கசெட்டுகளில் இந்த ஒரு வேலையே போதுமாக இருந்திருக்கிறது. அதன் பிறகு உலர் துப்புரவுக் கசெட்டைப் பத்துச் செக்கன் அளவு மட்டும் ஓட்டுங்கள். அது ஹெட்டை உரசித் துடைப்பது. கூடுதலாக ஓட்டினால் ஹெட்டே தேயும்.

குளிரூட்டிய அறையிலிருந்து கமெராவை வெளியே எடுத்த கையோடு கசெட்டைப் போடுவதும் இங்கே பலர் செய்யும் பிழை. உள்ளே ஈரம் படிந்து, நாடா ஹெட் உருளையில் ஒட்டிக்கொள்ளும். பல கமெராக்கள் ஈரம் என்று எச்சரிக்கை காட்டி ஓட மறுக்கும். எச்சரிக்காவிட்டாலும் ஒரு மணி நேரம் பொறுத்திருங்கள்.

அந்த மூன்றாம் கசெட் எந்தக் கமெராவில் எடுத்தது என்று வீட்டாரிடம் விசாரித்தீர்களா? 60 நிமிடக் கசெட்டில் 90 நிமிடம் பதியும் எல்பி முறையில் எடுத்திருந்தால், தடங்கள் ஒடுங்கியிருக்கும்; எடுத்த கமெராவைத் தவிர வேறொன்றில் ஓட்டும்போது கட்டம் கட்டமாக உடைவது இந்த முறையில் அடிக்கடி நடப்பது.

நான் வெளி வன்தட்டுக்கு நேராகக் கப்ச்சர் செய்வதே இல்லை. ஒரு மணி நேரக் கசெட் 13 ஜிபி, கொஞ்சம் கூடினால் 14. உங்கள் எஸ்எஸ்டியில் 30 ஜிபி காலியாக இருக்கிறதே. ஒரு கசெட்டை உள்ளே கப்ச்சர் செய்து, சாப்பிடப் போகும்போது அதை வெளி வன்தட்டுக்குப் பிரதி செய்யவிட்டு, பிரதியைத் திறந்து நடுவிலும் கடைசியிலும் பார்த்துவிட்டு, அதன் பின்னர் உள்ளே இருப்பதை அழித்துவிட்டு அடுத்த கசெட்டைப் போடலாம். பிரதி எடுக்கும்போது வன்தட்டு திணறினால் நேரம் மட்டும்தான் நட்டம், ஃபிரேம் நட்டமில்லை. பதினொரு கசெட்டுக்கு இது போதும். நீங்கள் பாவிப்பது பிரீமியர் புரோவாக இருந்தால், கப்ச்சர் கோப்புகள் எங்கே சேர வேண்டும் என்பது திட்ட அமைப்புகளில் ஸ்க்ராட்ச் டிஸ்க் என்ற பகுதியில் இருக்கும். வீடியோவுக்கும் ஒலிக்கும் அங்கே தனித்தனித் தெரிவு இருப்பதால் இரண்டையும் மாற்றுங்கள். ஃபிரேம் விடுபட்டால் கப்ச்சரை நிறுத்து என்ற தெரிவு விருப்பங்களில் இருக்கிறது; பழுதான கசெட்டுக்கு மட்டும் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். எத்தனை விடுபட்டன என்று அறிக்கை தரும் தெரிவை மட்டும் எடுக்காதீர்கள்.

யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். 2022 மின்வெட்டுக் காலத்தில், அட்டவணையைப் பார்த்து வைத்துக்கொண்டு தொடங்கியும், சொன்ன நேரத்துக்கு முன்பே மின்சாரம் போய், 50 நிமிடம் ஓடிய கோப்பு ஒன்று திறக்க முடியாமல் கிடந்தது. டீவீயில் ஒவ்வொரு ஃபிரேமும் தன்னளவில் முழுமையானது என்பதால் அதை மீட்க முடிந்தது. வேறு முறையில் பதிந்திருந்தால் போனது போனதுதான்.

ஃபயர்வயர் கேபிளைச் செருகும்போதும் கழற்றும்போதும் கமெராவையும் கணினியையும் நிறுத்திவிடுங்கள். ஆறு முள் செருகியில் மின்சாரமும் வருகிறது. அது கோணலாகப் போய் கமெராவின் டீவீ வாய் எரிந்த கதைகளை எங்கள் தொழிலில் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அந்த வாய் போனால் இன்றைக்குத் திருத்த ஆளில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இடம் மிச்சம் பிடிக்க எண்ணி, வந்ததும் எம்பி4 ஆக மாற்றி டீவீ கோப்பை அழித்துவிடாதீர்கள். எடுத்த திகதியும் நேரமும் ஒவ்வொரு ஃபிரேமோடும் உள்ளே பதிந்திருக்கின்றன. மாற்றும்போது அவை பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அக்காவுக்கு எம்பி4 அனுப்புங்கள், டீவீ கோப்பை வீட்டில் வைத்திருங்கள்.

கறுவாத்தோட்டம் (பதில்)

இதை வாசிக்கும் மேக் பாவனையாளர்களுக்காக ஒரு குறிப்பு. தண்டர்போல்ட் 3 இலிருந்து தண்டர்போல்ட் 2, அதிலிருந்து ஃபயர்வயர் என்று இரண்டு அடாப்டர்களைக் கோர்த்து அண்மைக்காலம் வரை சமாளித்து வந்தோம். 2025 இல் வந்த மேக்ஓஎஸ் 26 டஹோவில் ஃபயர்வயர் ஆதரவே நீக்கப்பட்டுவிட்டது. கசெட்டுகள் மிச்சம் இருப்பவர்கள் பழைய பதிப்புள்ள கணினி ஒன்றை மேம்படுத்தாமல் ஒதுக்கி வையுங்கள். என்டிஎஃப்எஸ் வன்தட்டை மேக் வாசிக்கும், எழுதாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அலைகரை

நேரம் ஒதுக்கி எழுதிய எல்லாருக்கும் நன்றி. ஒரு கிழமையாகச் செய்து பார்த்ததை அறியத் தருகிறேன்.

மின்கம்பி ஐயா சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி. 2 டிபி வன்தட்டு ஃபாட் 32 ஆகவே இருந்தது. வரவேற்பறைத் தொலைக்காட்சி வேறெந்த ஃபோமட்டையும் வாசிக்காது என்பதற்காகத் தம்பி எப்போதோ மாற்றி வைத்திருக்கிறான், கேட்டபோதுதான் சொன்னான். உள்ளே இருந்த படங்களை எல்லாம் பிரதி எடுத்துவிட்டு என்டிஎஃப்எஸ் ஆக்கினேன். முதலாம் கசெட் 62 நிமிடம், ஒரே கோப்பாக, விண்டோஸ் காட்டும் கணக்கில் 13.1 ஜிபி, விடுபட்ட ஃபிரேம் பூச்சியம். அது அக்காவின் அரங்கேற்றத்தின் முதற்பகுதி. அலாரிப்பு தொடங்கியதும் அம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கணினிக்கு முன்னால் இருந்துவிட்டார். கப்ச்சர் முடியும்வரை எழும்பவில்லை. தொலைக்காட்சியில் இனிப் படம் பார்க்க முடியாதே என்று தம்பிக்குத்தான் குறை.

மச்சானின் வன்தட்டை ஒரு ஹப் வழியாக முன்பக்கப் போர்ட்டில் செருகியிருந்தேன். வைஃபை குச்சியும் அதே ஹப்பில் இருந்தது. பிரதி செய்து பார்த்த சோதனையில் வரைபடம் ஓரிடத்திலும் விழவில்லை. பின்பக்கத்துக்கு மாற்றி, கப்ச்சர் கோப்புறையை வைரஸ் தடுப்பிலிருந்தும் விலக்கிவிட்டு இரண்டாம் கசெட்டை ஓட்டினேன். ஒரு ஃபிரேமும் விடுபடவில்லை.

மூன்றாம் கசெட்டில் பூஞ்சணம் இல்லை. முன்னும் பின்னும் சுற்றி, ஹெட்டையும் துடைத்த பின்னர், முன்பு இருநூறுக்கு மேல் விடுபட்ட இடத்தில் இப்போது ஆறு ஃபிரேம்கள் மட்டும் விடுபடுகின்றன. ஆனாலும் கட்டங்கள் சில செக்கன்களுக்கு வந்து போகின்றன. படக்கார அண்ணா ஊகித்தது சரியென்றே நினைக்கிறேன். கசெட்டின் மேல் அம்மப்பாவின் பிறந்தநாள் என்று எழுதியிருக்கும் கையெழுத்து மாமாவுடையது. அன்று அவர் தம்முடைய கமெராவால் எடுத்தார் என்று அம்மா சொல்கிறார். படம் 80 நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது, எனவே எல்பி முறையாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கமெரா வத்தளையில் மாமா வீட்டுப் பரணில் இன்னும் இருக்கிறதாம்.

மின்கம்பி (பதில்)

மகிழ்ச்சி. ஆனால் ஒரு குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. போர்ட்டையும் மாற்றி, வைரஸ் தடுப்பையும் விலக்கினீர்கள். இப்போது குற்றவாளி இருவரில் யார் என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இன்னொரு நாள் அதே வன்தட்டில் இதே சிக்கல் வந்தால் தொடக்கத்திலிருந்து தேட வேண்டும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். என் ஊகத்தைக் கேட்டால், ஹப் என்றே சொல்வேன். பொழுது கிடைத்தால் விலக்கியதைத் திரும்பச் சேர்த்துவிட்டு ஒரு கசெட் ஓட்டிப் பாருங்கள்; விடுபடாவிட்டால் ஹப்பைத் தூக்கி வீசிவிடலாம்.

தம்பிக்காக வன்தட்டைத் திரும்பவும் ஃபாட் 32 ஆக மாற்றிவிடாதீர்கள். தொலைக்காட்சிக்கு 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றை வாங்கிக் கொடுத்தால் சண்டை ஓய்ந்துவிடும்.

அலைகரை

ஹப் சோதனையைச் செய்துவிட்டு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வத்தளைக்குப் போய் மாமாவின் கமெராவை எடுத்துவர எண்ணியிருக்கிறேன். அதில் நேராகக் கசெட்டைப் போட்டு ஓட்டலாமா?

கலியாணப் படக்காரர் (பதில்)

வேண்டாம் தம்பி. பரணில் ஆண்டுக்கணக்கில் கிடந்த கமெராவுக்குள் இறப்பர் உருளைகள் பிசுபிசுத்து நாடாவைக் கடித்து இழுத்துவிடலாம். ஆறு ஃபிரேம் விடுபட்ட அந்தக் கப்ச்சரை முதலில் இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். மாமாவிடம் பற்றரியை எதிர்பார்க்க வேண்டாம். சார்ஜர் கிடைத்தால், அதில் எழுதியிருக்கும் வோல்ற் அளவு கமெராவின் அடியில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே செருகுங்கள். பிறகு, போனாலும் பரவாயில்லை என்ற கசெட் ஒன்றை அதில் ஐந்து நிமிடம் ஓட்டி, முன்னும் பின்னும் சுற்றி, வெளியே எடுத்து நாடாவின் விளிம்பு மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மடங்கவில்லை என்றால் மட்டும் அம்மப்பாவின் கசெட்டைப் போடலாம். அப்படி ஒரு கசெட் கைவசம் இல்லையென்றால் சொல்லுங்கள். என்னிடம் வெற்றுக் கசெட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, வத்தளைக்குப் போகும் வழியில் வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம்.